ஓடினால்தான் கப்பல்

துறைமுக நகரங்களில் குடியேறி வாழும் நம் சங்க அன்பர்களுக்கு இழுவைக் கப்பல் புதிய பொருளன்று. மலைபோன்ற சரக்குக் கப்பலொன்று துறைக்குள் நுழையும்போது, அதன் முன்னும் பின்னும் கயிறு பூட்டி, யானையை நடத்திச் செல்லும் பாகனைப் போல அதை மெல்ல அழைத்து வரும் சிறு கலம் அது. வந்த கப்பலின் பெயரை எல்லோரும் கேட்பர். அழைத்து வந்த கலத்தின் பெயரை எவரும் கேட்பதில்லை. அவ்வாறு பிறருக்காக உழைத்த ஒரு நீராவி இழுவைக் கப்பலின் வரலாற்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

அதன் பெயர் 'டேனியல் ஆடம்சன்'. இங்கிலாந்தில், லிவர்ப்பூல் நகருக்கு எதிரே மெர்சி ஆற்றங்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1903ஆம் ஆண்டில் அது கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 110 அடி. நீராவி எஞ்சின்கள் இரண்டு; அவை சுழற்றும் உந்துவிசிறிகளும் இரண்டு. முதலில் அதற்கு இட்ட பெயர் 'ரால்ஃப் பிராக்கில்பாங்க்'. எல்ஸ்மியர் போர்ட்டுக்கும் லிவர்ப்பூலுக்கும் இடையே சரக்குப் படகுகளை இழுத்ததோடு, பயணிகளையும் அது ஏற்றிச் சென்றது. பின்னர் மான்செஸ்டர் கப்பல் கால்வாய்க் கம்பெனியின் உடைமையாயிற்று.

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆயினும் அந்த மான்செஸ்டர் கடற்கரையில் இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பஞ்சு உள்ளே வரவும் துணி வெளியே போகவும் லிவர்ப்பூல் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் அந்நகரம் பெருங்கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கப்பல்களை நகருக்கே வரச் செய்ய வேண்டும் என்று, கொதிகலன் செய்யும் தொழிலில் தேர்ந்த டேனியல் ஆடம்சன் என்பவர் 1882ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். 36 மைல் நீளமுள்ள கால்வாய் 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. 1890ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். கம்பெனியின் முதல் தலைவராக இருந்த அவருடைய பெயரை 1936ஆம் ஆண்டில் இக்கப்பலுக்குச் சூட்டினர். விருந்தினர் அமர்வதற்கு அழகிய மரவேலைப்பாடு கொண்ட அறைகளும் அப்போது அமைந்தன.

1984ஆம் ஆண்டில் கப்பல் பணியிலிருந்து விடுபட்டது. எல்ஸ்மியர் போர்ட்டில் உள்ள படகு அருங்காட்சியகத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினர். ஓய்வு கொடுத்தால் பொருள் நீடிக்கும் என்று நினைப்பது இயல்பே. நடந்ததோ வேறு. நின்ற கப்பலைத் துரு பற்றியது; விஷமிகள் உள்ளே புகுந்து பாழ்படுத்தினர். 2004ஆம் ஆண்டில் அதை உடைத்துவிடும் நிலை வந்தது. அப்போது ஆர்வலர் சிலர் முன்வந்து ஒரே ஒரு பவுன் கொடுத்து அதை விலைக்கு வாங்கினர். பழுது பார்க்கும் வேலை பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. தொண்டர்கள் ஊதியமின்றி உழைத்தனர். 2015ஆம் ஆண்டில் லாட்டரி வருவாயிலிருந்து பண்பாட்டுச் சின்னங்களுக்கு உதவும் நிதி 38 லட்சம் பவுன் வழங்கியது. 2016ஆம் ஆண்டில் கப்பல் மீண்டும் தன் சொந்த நீராவியிலேயே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.

ஒரு பவுனுக்கு வாங்கிய பழைய இரும்புக்கு இத்தனை செலவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. புகைப்படமும் சிறு மாதிரியும் போதாவா?

போதா என்பதே நம் கருத்து. கப்பலின் உருவத்தைப் படம் காட்டும். அதை ஓட்டும் கையைக் காட்டாது. கொதிகலனைச் சட்டென்று சூடேற்றினால் தகடுகளும் இணைப்புகளும் வருந்தும். ஆகவே பொறுமையாக, மணிக்கணக்கில் நெருப்பை வளர்த்து நீராவி எழுப்ப வேண்டும். ஆற்றைப் பார்ப்பவர் மேலே நிற்கும் கப்பல் தலைவர். எஞ்சினை இயக்குபவர் கீழே இருக்கும் பொறியாளர். அவருக்கு ஆறு தெரியாது. மேலே நிற்பவருக்கு எஞ்சின் தெரியாது. 'மெதுவாக முன்னே', 'நிறுத்து', 'பின்னே' என்று மணியும் முள்ளும் சொல்லும் கட்டளையை நம்பியே இருவரும் வேலை செய்கின்றனர். இந்தப் பழக்கம் ஏட்டால் வருவதன்று; மூத்தவர் அருகில் நின்று இளையவர் கற்பது. கப்பல் ஓடாவிட்டால் அந்தக் கல்வி அறுந்துபோகும்.

ஓடினால் தேயும், தேய்ந்தால் தகட்டை மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே போனால் அது பழைய கப்பல்தானா என்ற மறுப்பும் உண்டு. நம் ஊர்த் தேரை நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். சக்கரம் மாறுகிறது, அச்சு மாறுகிறது, வடமும் மாறுகிறது. எனினும் வீதியில் இழுக்கப்படும்வரை அது நம் தேர்தான். இழுக்கப்படாத தேர் வெயிலிலும் மழையிலும் உளுக்கும் மரமே.

நம் நாட்டிலும் ஒரு படிப்பினை உண்டு. 1961ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்ந்த 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல், 1997ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபின் மும்பையில் அருங்காட்சியகமாக மிதந்தது. பாதுகாப்புக் கருதி 2012ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. 2014ஆம் ஆண்டில் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அத்தனை பெரிய கப்பலைப் பேணுவது எளிதன்று. யாரையும் குறைகூற நாம் முற்படவில்லை. பெருமையும் புகழும் மட்டும் ஒரு கப்பலைக் காப்பாற்றிவிடா என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

ஊரைவிட்டு வந்த நம் வீடுகளிலும் இத்தகைய பொருள்கள் உண்டு. பாட்டி கொடுத்த பல்லாங்குழி பல இல்லங்களில் கண்ணாடி அலமாரிக்குள் அழகுப்பொருளாக அமர்ந்திருக்கிறது. தூசு படியாமல் துடைத்து வைக்கிறோம். ஆட்டம் குழந்தைகளுக்குத் தெரியாது. வரும் விடுமுறையிலாவது அதைக் கீழே இறக்கி, புளியங்கொட்டையைப் பரப்பி, அவர்களை எதிரே உட்கார வைத்து ஆடுங்கள். குழிகள் சற்றுத் தேய்ந்தாலும் பாதகமில்லை.