கவர்னர் பெயரில் ஒரு வசைச்சொல்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தேசபக்தர்களுள் ஒருவரும், பிற்காலத்தில் அந்நாட்டின் உபஜனாதிபதியாக விளங்கியவருமான எல்பிரிட்ஜ் கெர்ரியை, அவருடைய தேசத் தொண்டுக்காக நினைவுகூர்வோர் இன்று மிகச் சிலரே. ஆனால் 1812-ஆம் ஆண்டில் அவர் இட்ட மற்றொரு கையொப்பமோ, அவர் பெயரை 'ஜெர்ரிமாண்டர்' என்னும் வசைச்சொல்லாக்கி ஆங்கில அகராதியில் நிரந்தரமாக ஏற்றிவிட்டது.

மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் கவர்னராக அவர் இருந்தபோது, அவருடைய கட்சியினர் செனட் தொகுதிகளின் எல்லைகளைத் தங்களுக்கு அநுகூலமாக மாற்றி ஒரு மசோதாவை நிறைவேற்ற, அவரும் அதற்குச் சம்மதம் அளித்தார். எஸெக்ஸ் பிரதேசத்துத் தொகுதி ஒன்று வளைந்து நெளிந்து கிடந்த விகாரத்தைக் கண்ட எதிர்க்கட்சியார், அதற்கு நகமும் சிறகும் பல்லும் வரைந்து, பல்லியைப் போன்ற 'ஸாலமாண்டர்' என்ற பிராணியின் பெயரோடு கவர்னரின் பெயரை ஒட்டவைக்க, அந்தச் சித்திரம் மார்ச் 26-ஆம் தேதி 'பாஸ்டன் கெஜட்' பத்திரிகையில் வெளியாயிற்று.

எதிராளியின் ஆதரவாளர்களை ஒரே தொகுதியில் அடைத்து அவர்களுடைய வாக்குகளை விரயமாக்குவதும், அது இயலாத இடங்களில் அவர்களைப் பல தொகுதிகளில் சிதறடித்து எங்குமே சிறுபான்மையாக்குவதுமே இந்தத் தந்திரத்தின் சாரம். அவ்வாண்டுத் தேர்தலில், குறைவான வாக்குகளைப் பெற்றும் கெர்ரியின் கட்சி 40 செனட் ஸ்தானங்களில் 29-ஐக் கைப்பற்றியது. ராஜ்யம் முழுவதும் ஒரே தொகுதியாக நின்று வாக்களித்த கவர்னர் தேர்தலிலோ, கோடு கிழித்துத் தப்ப வழியின்றி, கெர்ரியே தோற்றுப்போனார். ஜனங்களின் அபிப்பிராயம் இன்னதென்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமோ?

அலபாமாவில் டஸ்கீகி நகரின் சதுர எல்லையை 28 பக்கமுள்ள உருவமாகத் திரித்து, கறுப்பின வாக்காளர்களில் ஏறக்குறைய அனைவரையும் நகருக்கு வெளியே தள்ளியதை 1960-இல் கண்டித்த அதே சுப்ரீம் கோர்ட், கட்சி லாபத்துக்காக எல்லை வகுப்பதைப் பற்றி மத்திய நீதிமன்றங்கள் விசாரிப்பதற்கில்லை என்று 2019-இல் ஒதுங்கிக்கொண்டது. நிறத்துவேஷத்தால் செய்ததைக் கட்சி நோக்கத்தால் செய்ததாகச் சொல்லித் தப்புவது சாமர்த்தியசாலிகளுக்கு எளிதாகையால், இந்தப் பாகுபாடு விவேகமானதாக எனக்குத் தோன்றவில்லை.

அரிஸோனா வாக்காளர்கள் 2000-ஆம் ஆண்டில் செய்ததுபோல, எல்லை வகுக்கும் அதிகாரத்தைச் சட்டசபையிடமிருந்து விலக்கித் தனிக் கமிஷனிடம் ஒப்படைப்பதே தக்க பரிகாரம். கமிஷனிலும் பட்சபாதம் புகக்கூடும் என்பது மெய்யே. எனினும், போட்டியிடுவோரே பந்தய மைதானத்தையும் அளந்து வகுக்கலாம் என்ற ஏற்பாட்டை நியாயமென்று எந்த ஜனநாயகவாதியாலும் சாதிக்க இயலாது.