மாமிக்கு ஓர் இல்லம்

கோண்டாவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு வயது 79. சென்ற மார்கழியிற் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நடந்து வீடு திரும்பினாராயினும் முன்போல் நடமாட்டம் இல்லை. கணவருக்குக் கொழும்பில் உத்தியோகம். மைத்துனர்மார் இருவர் கனடாவில். சகோதரியோ ஆசிரியை. காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டரை மணி வரை மாமியார் வீட்டிலே தனியே. “மாமியை ஓர் இல்லத்திற் சேர்க்கலாமா? சேர்ப்பதாயின் எதைப் பார்த்துச் சேர்ப்பது? ஊரார் என்ன சொல்வார்கள்?” என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

மூன்றாவது கேள்விக்கு முதலிலே விடை கூறி விடுவோம். ஊரார் நிச்சயம் ஏதாவது சொல்வார்கள். “மடத்திலே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்” என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுள் ஒருவராவது இரவிலே வந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கப் போவதில்லை. ஆகவே அதனை அவ்வளவில் விட்டு விடலாம்.

நம் நாட்டிலே அறுபது வயதைக் கடந்தோர் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இருமடங்கு. வடக்கிலே இத்துடன் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. 1983க்குப் பின் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். முற்றமும் கிணறும் பெற்றோரும் இங்கேயே இருந்தனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடலாகாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கவும் அது வழி செய்கிறது. நல்ல இடத்திற் சேர்த்து, கிழமைதோறும் போய்ப் பார்த்து வருவது கைவிடுதலாகாது என்பது நமது எண்ணம். சேர்த்துவிட்டு மாதக் கட்டணத்தை மட்டும் பாங்கிலே கட்டிவருவது என்ன பெயர் பெறும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இதைப் பற்றி எழுத நமக்கு ஓர் உரிமை உண்டு. நாம் ஒரு முறை தவறாகத் தெரிவு செய்தவர்கள்.

சில வருடங்களுக்கு முன் நம் பெரியம்மாவுக்கு இடம் தேடினோம். ஓர் இல்லத்தின் பெயர் சொன்னார்கள். தொலைபேசியிற் பேசி, நேரம் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போனோம். பளபளக்கும் தரை, வாசலிலே குரோட்டன் செடிகள், காரியாலயத்திலே குளிரூட்டி, தேநீரும் கிடைத்தது. நிருவாகி இனிமையாகப் பேசினார். அரை மணித்தியாலத்தில் முடிவு செய்துவிட்டோம். பெரியம்மாவை நாம் கேட்கவுமில்லை, கூட்டிச் செல்லவுமில்லை.

மூன்றாம் மாதம், அவரைக் குளிக்கவார்க்க உதவிய நம் மகள் வெளியே வந்து அழுதாள். நாரியின் அடியிலே ஒரு காயம். ஐந்து ரூபாய்க் குற்றியளவு அகலம், உள்ளே ஆழம். விசாரித்தபோது, “தோல் கொஞ்சம் சிவந்திருந்தது” என்றார்கள். பிறகுதான் அறிந்தோம், இரவிலே இருபத்திரண்டு பேருக்கு ஒரேயொரு சிப்பந்தி என்பதை. பெரியம்மா முறையிடவில்லை. “இராவிலை கூப்பிட்டா ஒருதரும் வாறேல்லை, பிள்ளை. அதாலை நான் கூப்பிடுறதை விட்டிட்டன்” என்று மட்டும் சொன்னார்.

படுக்கைப்புண் என்பது என்னவென்று சற்று விளக்குவது நன்று. அசையாது கிடக்கும் உடம்பிலே, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்குகிறது. அவ்விடத்துக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை இறக்கிறது. நாரியடி, இடுப்பின் பக்கங்கள், குதிக்கால் ஆகியனவே முதலிற் பாதிக்கப்படும் இடங்கள். வெள்ளைத் தோலிலே சிவப்பாகத் தெரிவது நம்மவர் தோலிலே சற்றுக் கறுத்தோ, தொட்டாற் சூடாகவோதான் தெரியும். அதனாற் பலர் கவனிப்பதில்லை. தானாகப் புரள இயலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறையளவில் புரட்டிப் படுக்கவைப்பதே இதற்குக் காலங்காலமாகத் தாதிமார் கையாளும் முறை. அதைப் பகலிற் செய்து இரவில் விட்டால் பயனில்லை. ஆகையால் ஓர் இல்லத்திலே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இரவு பத்து மணிக்குப் பின் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது. “இருக்கிறார்கள்” என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள். எத்தனை பேருக்கு எத்தனை பேர், அவர்களுள் தாதிப் பயிற்சி பெற்றவர் உண்டா என்று கேளுங்கள்.

நேரம் குறித்துக்கொண்டு போவது ஒரு முறைதான். இரண்டாம் முறை சொல்லாமற் போக வேண்டும். அதுவும் கிழமை நாளிலே, காலை ஏழு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ. அந்த நேரங்களிலேதான் கழுவுதலும் ஊட்டுதலும் நடைபெறும். உள்ளே நுழைந்ததும் மூக்கு அறியும். ஒரு கட்டிலருகே மூத்திர நாற்றம் இருந்தால் அது இப்போது நேர்ந்ததாயிருக்கலாம். மண்டபம் முழுவதும் இருந்தால் அது பழகிப்போன நாற்றம். முதியவர்களின் நகங்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிற இடத்திலே யாரோ ஒருவர் அவர்களுடைய கையைப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா என்று நேராகவே விசாரியுங்கள். கட்டிலோடு சேலைத் துண்டாற் கட்டிவைத்திருப்பதைக் கண்டால், “விழுந்துவிடுவார், அதனாலேதான்” என்பார்கள். அந்தச் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு வேறிடம் பாருங்கள்.

மலசலகூடத்தை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். கோண்டாவிற் சகோதரியின் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. குந்தியிருக்கும் வகை அவருக்கு உதவாது. கொமோட் இருக்க வேண்டும். பிடித்தெழும்பச் சுவரிலே கம்பி இருக்க வேண்டும். இரவிலே வழி நெடுக விளக்கு எரிய வேண்டும். தரை ஈரமாயிருக்கக் கூடாது. பளபளக்கும் தரையை நாம் மெச்சினோமே, அது ஈரமானால் வழுக்குவதில் முதலிடம் பெறும் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை.

உணவு விடயத்திலே ருசியைக் காட்டிலும் நேரம் பெரிது. இன்சுலின் ஏற்றிவிட்டுச் சாப்பாட்டைத் தாமதித்தால் இரத்தத்திற் சீனி இறங்கி, வேர்த்து, மயங்கி, மாறாட்டமாகப் பேசத் தொடங்குவார்கள். மருந்து கொடுத்ததை எழுதும் கொப்பி ஒன்று உண்டா என்று கேட்டு, அதை வாங்கிப் பாருங்கள். வயது போனால் தாகமும் குறைந்துவிடும், தண்ணீர் கேட்கமாட்டார்கள். கட்டிலருகே கைக்கெட்டும் தூரத்திலே தண்ணீர் இருக்கிறதா, அதை எடுத்துக் குடிக்கத் தருபவர் உண்டா என்று கவனியுங்கள்.

சைவ உணவுக்காரருக்குத் தனிப் பாத்திரம் உண்டா, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற இடமுண்டா, தேவாலயம் போக விரும்புவோரைக் கூட்டிச் செல்வார்களா என்பனவும் சிறிய காரியங்களல்ல. கொழும்பிலே இடம் தேடுவோர் மொழியையும் யோசிக்க வேண்டும். பகற் சிப்பந்திக்குத் தமிழ் தெரிந்திருக்கும். இரவுச் சிப்பந்திக்குத் தெரியாதிருக்கும். நெஞ்சு நோகிறது என்பதை ஒருவர் நடுச்சாமத்திலே சைகையிற் சொல்ல நேர்வது கொடுமை.

இல்லங்கள் பலவகை. கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு; அத்தகைய இடங்களைப் பற்றிப் பிரதேச செயலகத்திலே விசாரிக்கலாம். சமய நிறுவனங்கள் நடத்துவன உண்டு. கட்டணம் பெறுவனவும் இப்போது பெருகிவருகின்றன. ‘நேர்சிங் ஹோம்’ என்று நம்மவர் வழங்குவது பெரும்பாலும் தனியார் வைத்தியசாலையையே. அதையும் வயோதிபர் இல்லத்தையும் ஒன்றாக எண்ணி ஏமாறக்கூடாது. பல இல்லங்கள் தம் கருமத்தைத் தாமே பார்க்கக்கூடியவரை மாத்திரமே ஏற்கும். “பிற்பாடு படுத்த படுக்கையானால் என்ன செய்வீர்கள்?” என்று சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள். “அழைத்துச் செல்ல வேண்டும்” என்பது பதிலானால், ஒரு நாள் இரவிலே உங்களுக்குத் தொலைபேசி வரும். பதிவுப் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். மேற்படி சட்டம் இத்தகைய இல்லங்களைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருக்கிறது. பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அந்த இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. சுகவீனமானால் எந்த வைத்தியசாலை, யார் கூடப்போவது, 1990 என்னும் இலவச அம்புலன்சை அழைப்பார்களா, அல்லது உறவினர் வரும்வரை காத்திருப்பார்களா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை எழுத்திலே பெறுங்கள். மாதக் கட்டணம் ஒன்று சொல்வார்கள். பம்பேர்ஸ், மருந்து, சலவை, டொக்டர் வருகை எல்லாம் பிறகு தனித்தனியே வரும். முற்பணம் கேட்டால், ஒரு மாதத்தில் விலகினால் அது திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். இந்தப் பகுதியிலே வெட்கம் வேண்டாம். கனடாவிலிருந்து காசு அனுப்பும் தம்பிமாருக்கும் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. பின்னாலே குடும்பத்துக்குள் மனக்கசப்பு வராது.

பெரியம்மாவை இரண்டாவதாக ஓர் இடத்திற் சேர்த்தோம். பழைய ஓட்டு வீடு. சுவரிலே சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நாம் சொல்லாமற் போன காலையிலே, ஒரு சிப்பந்திப் பெண் கட்டிலின் விளிம்பிலிருந்து ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்; நம்மைக் கண்டும் எழுந்திருக்கவில்லை, அவர் விழுங்கும் வரை காத்திருந்தாள். இம்முறை பெரியம்மாவையும் கூட்டிப்போனோம். அவர் கட்டிலைப் பார்க்கவில்லை; யன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு முருங்கை நின்றது. “இது பரவாயில்லை” என்றார். காயம் ஆற நாலு மாதம் சென்றது. இரண்டு வருடம் அங்கே இருந்தார். அங்கேயே ஒரு தை மாதத்திற் காலமானார்.

கோண்டாவிற் சகோதரிக்கு: முடிவு செய்யுமுன் உங்கள் மாமியாரை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர் மறுத்தால் ஒரு கிழமை பொறுத்து மீண்டும் பேசுங்கள். பகலிலே மட்டும் வீட்டுக்கு வரக்கூடிய ஓர் உதவியாளர் கிடைப்பாரா என்றும் தேடுங்கள். நீங்கள் தனிமை என்று எழுதியிருப்பது ஏழரை மணித்தியாலத் தனிமை. அதற்கு இருபத்துநாலு மணித்தியால மாற்றம்தான் வேண்டுமா என்பதைக் கணவரோடும் மைத்துனர்மாரோடும் இருந்து பேசத்தான் வேண்டும். சேர்ப்பதென்று முடிவானால், அவருடைய தலையணையையும் தண்ணீர்ச் செம்பையும் கூடவே கொடுத்துவிடுங்கள். புதிய இடத்திலே முதற் சில வாரங்கள் மாறாட்டமும் அழுகையும் சாப்பாட்டு வெறுப்பும் வரக்கூடும். அந்த நாட்களில் அடிக்கடி போக வேண்டும். முதல் மூன்று மாதத்துக்கு வீட்டிலே அவருடைய அறையை வாடகைக்கு விடாதீர்கள், கட்டிலையும் மாற்றாதீர்கள்.