கொழுப்பும் மறதியும்



"உனக்குக் கொழுப்பு" என்று ஏசுகிறோம். உடம்பிலுள்ள கொழுப்பையும் வேண்டாத சுமையாகத்தான் பார்க்கிறோம். விஞ்ஞானிகளும் நெடுங்காலமாக அதை மிஞ்சிய சக்தியைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் என்றே பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். 1994 இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. கொழுப்புக் கலங்களே இதைச் சுரக்கின்றன. "இருப்புப் போதும், பசி அடங்கலாம்" என்று மூளைக்குப் போகும் செய்தி இது. ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதியும் இந்தச் செய்தியை வாங்குகிறது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்றொரு ஊர். அங்குள்ளவர்களின் உடல்நலத்தை 1948 இலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். மறதி நோய் இல்லாத 785 முதியவர்களின் இரத்தத்தில் லெப்டினை அளந்து, பல வருடங்கள் கவனித்து, 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். லெப்டின் மிகக் குறைவாக இருந்த காற்பங்கினரில், 12 வருடங்களில் அல்சைமர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25. மிகக் கூடுதலாக இருந்தவர்களில் நூற்றுக்கு 6 மட்டுமே.

அப்படியென்றால் கொழுத்தால் நல்லதா என்று கேட்பீர்கள். இல்லை. மிகப் பருத்தவர்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. அவர்களில் லெப்டின் நிறைய இருந்தும் மூளை அதற்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. நடுவயதில் அதிகம் பருப்பதும், சீனி வருத்தமும், பிறஷரும் பிற்காலத்தில் மறதி நோய் வரும் ஆபத்தைக் கூட்டுகின்றன. கொழுப்பிலிருந்து வரும் இன்னொரு ஓமோன் அடிபொனெக்டின். சீனி வருத்தத்துக்கு அது நல்ல பிள்ளை. ஆனால் அதே ஊரில், அது கூடுதலாக இருந்த பெண்களுக்கே மறதி நோய் அதிகம் வந்ததாக 2012 இல் எழுதினார்கள். ஓமோன்களை நல்லது, கெட்டது என்று பிரித்துவிட முடியாது போலிருக்கிறது.

இவை தொடர்பைத்தான் காட்டுகின்றன, காரணத்தை அல்ல. மறதி வெளியே தெரியப் பல வருடங்களுக்கு முன்பே அல்சைமர் மூளையில் தொடங்கிவிடும். வயதானவர் மெலிவதும் லெப்டின் குறைவதும் அந்நோயின் முன்விளைவாகவும் இருக்கலாம்.

இதை எழுத எனக்கொரு காரணம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மெலிந்தால், "கவலைதான் அவவைத் தின்னுது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பேரை மறந்தாலும், அடுப்பில் வைத்ததை மறந்தாலும் அதே பதில்தான். கவலையும் உடம்பை உருக்கும், மறதியையும் தரும், மறுக்கவில்லை. ஆனால் தைரொயிட், சீனி, காசநோய், பல் இல்லாததால் சாப்பிட முடியாமை என்று வைத்தியம் உள்ள காரணங்களும் இருக்கின்றன. வைத்தியர் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

அம்மாவின் சட்டை தொளதொளக்கத் தொடங்கினால் நிறையைப் பார்த்து, திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் எழுதுங்கள். எதை, எப்போதிருந்து மறக்கிறா என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்கு அது பெரிய உதவி.