புதுக் காரும் பழைய கீறலும்

கோடி ரூபாய் கொடுத்து வாங்கும் ஸ்போர்ட்ஸ் காரின் பெயின்ட் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட ஒரு ஜெராக்ஸ் தாள் அளவுதான்! 100 முதல் 150 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஆறு லட்ச ரூபாய் காரிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

அந்தத் தாள் தடிமனுக்குள் நாலு அடுக்கு இருக்கிறது. தகடு துருப்பிடிக்காமல் இருக்க அடியில் ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நம் கண்ணுக்குத் தெரியும் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கிளியர் கோட்தான். வெயில் நிறத்தைத் தின்றுவிடாமல் காப்பதும் அதுதான். அதன் தடிமன் 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியை விட மெல்லிசு.

இவ்வளவு மெல்லிய விஷயத்தை நம் ஊரில் எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். மதுரையில் ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவு. போர்ஷே வேண்டுமென்றால் சென்னை, கொச்சி, பெங்களூரு என்று வெளியூர்தான் போக வேண்டும். ஆனால் எந்தக் காராக இருந்தாலும் இங்கே வந்து சேர்ந்த பிறகு அதன் தலையெழுத்து ஒன்றுதான். மேலூர்ப் பக்கம் போனால் கல் தூசி. கண்மாய்க் கரை வழியாகப் போனால் புழுதி. கழுவுவதற்கு உப்புப் படியும் போர் தண்ணீர். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. வாங்கிய அன்றே பாண்டி கோயிலுக்கோ அழகர்கோவில் கருப்பரிடமோ கொண்டு போய் எலுமிச்சம்பழம் நசுக்கி, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காய்ந்த துணியால் அதைத் துடைத்து எடுப்போம். சாமி கும்பிடுவதில் தப்பே இல்லை. தண்ணீர் ஊற்றாமல் துடைப்பதுதான் தப்பு. தூசியோடு சேர்ந்த துணி உப்புத்தாளுக்குச் சமம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி சுற்றுச் சுற்றாகக் கீறல் தெரியும்.

இதையெல்லாம் நாம் செய்தால் நம் பொறுப்பு. ஆனால் காரைக் கையில் வாங்கும் முன்னாலேயே இது நடந்திருந்தால்?

நடக்கத்தான் செய்கிறது. தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறி, வெட்டவெளி யார்டில் மாதக் கணக்கில் வெயிலிலும் பறவை எச்சத்திலும் நின்று, கடைசியில் டெலிவரி நாளன்று அவசரமாகக் கழுவப்படுகிறது வண்டி. கழுவும் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே வாளி, ஒரே துணி, மதியத்துக்குள் பத்து வண்டி என்றால் அவன் என்ன செய்வான்? கீறல் விழுந்தால் பஃபிங் மெஷினை எடுத்து ஒரு ஓட்டு ஓட்டிவிடுவார்கள். மாலை போட்ட கார், கேக், சாவி கொடுக்கும் போட்டோ... அந்தச் சந்தோஷத்தில் யார் கீறலைப் பார்ப்பார்கள்?

'அதான் பாலிஷ் போட்டுச் சரி பண்ணிட்டாங்களே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஐம்பது வருடம் தேய்த்தாலும் விளக்கு விளக்காகவே இருக்கும், ஏனென்றால் அது உள்ளேயும் பித்தளை. காரின் பெயின்ட் அப்படி இல்லை. அது கவரிங் வளையல் மாதிரி. தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சு குறையும். பாலிஷ் என்றால் ஏதோ ஒன்றை மேலே பூசுகிறார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறார்கள். மேடு பள்ளம் போய்ச் சமமாகிறது, வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, கீறல் 'மறைகிறது'. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது.

நல்ல தொழில்காரர் இதைத் தெரிந்துதான் வேலை செய்வார். முதலில் நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் துகள்களைக் களிமண் போன்ற ஒரு பொருளால் எடுப்பார். பிறகு கருவி வைத்து ஒவ்வொரு தகட்டிலும் பெயின்ட் எத்தனை மைக்ரான் என்று அளப்பார். ஸ்போர்ட்ஸ் கார்களில் அலுமினியத் தகடு நிறைய இருக்கும் என்பதால் இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் காந்தக் கருவி அங்கே பயன்படாது. ஒரு சின்ன இடத்தில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷைப் போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால்தான் ரப்பிங் காம்பவுண்டுக்குப் போவார். நகத்தை ஓட்டினால் தட்டுகிற அளவு ஆழமான கீறல் என்றால் பெரும்பாலும் பாலிஷால் முழுக்கப் போகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அவசரக்காரரோ எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸைத் தடவி கீறலை நிரப்பி அனுப்புவார். நாலு கழுவலில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

பாலிஷால் தீராவிட்டால் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். தொழிற்சாலையில் வெறும் உடல்கூட்டை 140 டிகிரி அளவில் சுட வைப்பார்கள். முழுசாக முடிந்த காரை அப்படிச் சுட்டால் வயர், பிளாஸ்டிக் எல்லாம் உருகிவிடும். அதனால் பட்டறையில் வேறு வகைப் பெயின்ட், சுமார் 60 டிகிரி சூடு. நன்றாகச் செய்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் அது தொழிற்சாலைப் பெயின்ட் இல்லை.

இதற்காகவே உலகப் புகழ் பெற்ற ஒரு வழக்கு உண்டு. 1990 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஐரா கோர் என்ற டாக்டர் கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றைப் புதிதாக வாங்கினார். விலை 40,750 டாலர். ஒன்பது மாதம் ஓட்டியும் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கடையில் விட்டார். கடைக்காரர்தான் இது மறுபெயின்ட் அடித்த வண்டி என்று கண்டுபிடித்தார். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டுக் கெட்டிருக்க வேண்டும். கம்பெனி 601 டாலர் செலவில் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்றுவிட்டது. ரிப்பேர் செலவு விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் டீலரிடம் கூடச் சொல்வதில்லை என்பது அவர்களுடைய கொள்கையாம்! அப்படி விற்றவை மொத்தம் 983 கார்கள் என்று வழக்கில் தெரிய வந்தது.

ஜூரி கொடுத்த நஷ்ட ஈடு 4,000 டாலர். தண்டனைத் தொகையோ 40 லட்சம் டாலர்! அலபாமா உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாக்கியது. 1996 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதுவும் மிக மிக அதிகம் என்றது. கடைசியில் 50,000 டாலரில் முடிந்தது. தொகை அதிகம் என்றுதான் நீதிபதிகள் சொன்னார்கள், மறைத்தது சரி என்று சொல்லவில்லை. ஜூரி தீர்ப்புக்குப் பிறகு கம்பெனியும் அந்த 3 சதவீதக் கொள்கையைக் கைவிட்டது.

இந்த 3 சதவீதத்தை நம் ஊருக்குக் கொண்டு வந்து பாருங்கள். 2 கோடி ரூபாய் காருக்கு 3 சதவீதம் என்றால் 6 லட்சம். இங்கே ஒரு குடும்பத்தின் முதல் கார் விலை அது! அவ்வளவு செலவில் ரிப்பேர் செய்துவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம் என்றால் என்ன நியாயம்?

பணக்காரர் காருக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் உசிலம்பட்டியிலிருந்து கடன் போட்டு டாக்ஸிக்கு வண்டி எடுக்கிறவரும் அதே கிளியர் கோட்டுக்குத்தான் பணம் கொடுக்கிறார். ஐந்து வருடத்தில் பானெட் வெளுத்துப் போனால் 'நீங்க சரியா பராமரிக்கலை' என்று அவர் தலையில்தான் விழும். பாதி பூச்சு டெலிவரிக்கு முன்பே சீவப்பட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

நம் நாட்டிலும் இதற்குப் பக்கத்தில் வருகிற வழக்கு உண்டு. கோவாவில் 2011 மாடல் டாடா காருக்குப் பணம் கட்டியவருக்கு, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய 2009 மாடலை டீலர் தள்ளிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கம்பெனிக்குத் தெரிந்து நடந்தது என்று நிரூபிக்காமல் டீலர் செய்ததற்குக் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பானது. அதாவது, டெலிவரி எடுக்கும் நேரத்தில் நாம் முழித்துக்கொள்ளாவிட்டால் பிறகு யாரைப் பிடிப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

சட்டம் நமக்கு உதவாமல் இல்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம் (அதற்கு மதுரையிலேயே கிளை உண்டு), அதற்கு மேல் டெல்லி. ஆனால் வழக்குக்கு ஆதாரம் வேண்டும். அதனால் என் கருத்து இதுதான்: ஒவ்வொரு புதுக் காரோடும், எந்தத் தகட்டில் எத்தனை மைக்ரான், எங்கே பாலிஷ், எங்கே மறுபெயின்ட் என்று எழுதிய ஒரு தாளை டீலர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

'சின்னக் கீறலுக்கெல்லாம் கணக்கு எழுதினால் வியாபாரம் நடக்குமா?' என்பார்கள். நடக்கும். அளப்பதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது. லாரியில் வரும் வண்டியில் கீறல் விழுவதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது. அதைச் சரி செய்வதும் தப்பில்லை, திறமையான வேலைதான். சொல்லாமல் விடுவதுதான் தப்பு. சொன்னால் தள்ளுபடி கேட்கலாம், வேறு வண்டி கேட்கலாம், பரவாயில்லை என்று அதையே எடுத்துக்கொள்ளலாம். அந்த முடிவு பணம் கொடுப்பவருடையது.

சட்டம் வரும்வரை ஒன்று செய்யுங்கள். ஷோரூம் விளக்கில் டெலிவரி எடுக்காதீர்கள். வண்டியை வெளியே கொண்டு வரச் சொல்லி, நம் மதுரை வெயிலில் நிறுத்தி, சுற்றி வந்து பாருங்கள். மாலையும் போட்டோவும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.