108 வந்தா மட்டும் போதுமா? எங்க போகணும்னும் திட்டம் வேணும்

ரெண்டு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

ஆம்புலன்ஸ்னு பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே கணக்குதான் சொல்றாங்க: எத்தனை புது வண்டிக்குக் கொடி அசைச்சோம்? வண்டி வேணும்தான். ஆனா நெஞ்சு வலியில துடிக்கிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. வண்டி எத்தனை நிமிஷத்துல வந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது, அங்க டாக்டர் தயாரா இருந்தாரா? இந்த மூணுதான் உயிரைத் தீர்மானிக்குது.

108 சேவையே கூட்டு முயற்சியில பிறந்ததுதான். 2005 ஆகஸ்ட்டில் ஐதராபாத்தில் தொடங்கியது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. பணம் அரசோடது, நடத்துறது தனி நிறுவனம். அதுக்கு அடுத்த ஜனவரியிலேயே சத்யம் ஊழல் வெடிச்சு, 108 நிறுவனத்தை உருவாக்கிய ராமலிங்க ராஜு சிறைக்குப் போனார். ஆனாலும் சேவை நிக்கல. ஜிவிகே குழுமம் பொறுப்பேத்துக்கிச்சு, வண்டி ஓடிட்டே இருந்தது.

ஒரு பாகம் பழுதானா மொத்த மிஷினும் நிக்கிற மாதிரி டிசைன் பண்ணக்கூடாதுன்னு இன்ஜினியரிங்ல சொல்லிக் கொடுப்பாங்க. ஒப்பந்தத்துக்கும் அதே விதிதான். கூட்டாளி மாறலாம், சேவை நிக்கக்கூடாது. அழைப்பு எண்ணும், வண்டியும், தகவலும் எப்பவும் மக்கள் கையில, அதாவது அரசு கையில இருக்கணும்.

சரியான கூட்டு என்ன சாதிக்கும்னு தமிழ்நாடே காட்டியிருக்கு. 2012 முதல் 2014 வரை மாரடைப்பு நோயாளிகளுக்காக ஒரு திட்டம் சோதிச்சுப் பார்த்தாங்க. சின்ன ஆஸ்பத்திரிகளை, ஆஞ்சியோ வசதி இருக்கிற அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளோட இணைச்சாங்க. ஈசிஜி முன்கூட்டியே அங்க போயிடும். 108 கொண்டு போகும். ஏழைகளுக்கு அரசு காப்பீடு கைகொடுக்கும். ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைஞ்சாங்க. 100 பேர்ல கூடுதலா மூணு குடும்பத்துக்கு மேல தப்பிச்சிருக்கு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஒரு பக்கம் விருத்தாசலம் அரசு மருத்துவமனை. இன்னொரு பக்கம் நெய்வேலியில் என்எல்சி மருத்துவமனை. சேத்தியாத்தோப்பு தாண்டினா சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. கரும்பு லோடும் கனரக வண்டியும் ஓடுற ரோடு, சூளை எரியுற பீங்கான் தொழிற்பேட்டை, சுரங்கம், எல்லாமே பக்கத்துலதான். ஆபத்தும் இருக்கு, ஆஸ்பத்திரியும் இருக்கு. இதையெல்லாம் ஒரே திட்டத்துல கோர்க்கணும். அதுக்கு நாம வைக்கிற கோரிக்கைகள்:

👉 தலைக்காயம், மாரடைப்பு, தீக்காயம், பிரசவம்: எந்த கேஸ் எந்த ஆஸ்பத்திரிக்குன்னு மூணு ஆஸ்பத்திரியும் 108-ம் சேர்ந்து எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் போடணும். ரோட்டுல வச்சு யோசிக்கக் கூடாது.

👉 500 பேருக்கு மேல வேலை செய்ற ஆலையில் ஆம்புலன்ஸ் அறை கட்டாயம்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் சொல்லியிருந்துச்சு. சின்ன பீங்கான் யூனிட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பல யூனிட் சேர்ந்து, அரசு உதவியோட பொதுவா ஒண்ணு வைக்கலாமே?

👉 லாபத்துல 2 சதவீதத்தை பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிடணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது. சுத்துப்பட்டு கிராமங்கள்ல முதலுதவிப் பயிற்சிக்கு என்எல்சி அதுல ஒரு பங்கு ஒதுக்கட்டும்.

👉 ஒன்றியம் வாரியா 108 வந்து சேர்ந்த நேரத்தை மாசாமாசம் வெளியிடணும். அளக்காததைச் சரி செய்ய முடியாது.

கடைசிக் கூட்டாளி நாமதான். விபத்துல சிக்கினவரைத் தூக்கினா போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஒதுங்காதீங்க. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் உதவி செய்றவருக்குப் பாதுகாப்பு தருது. பேரைச் சொல்லுன்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பர்ல வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துல அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், பட்டியல்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும்.

எந்த ஆட்சி கொண்டு வந்ததுன்னு பார்த்தா உயிர் நிக்காது. 108-ஐ ஒரு ஆட்சி தொடங்கினது, அடுத்த ஆட்சியும் நடத்தினது. அதனாலதான் இன்னைக்கும் ஓடுது. அடுத்த கிராம சபையில இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமா வைங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க.

#ஒவ்வொரு_நிமிடமும்_உயிர் #கம்மாபுரம் #விருத்தாசலம்