முகம் வாடினால் வாடட்டும்!

பொங்கல் வந்து விட்டால் போதும், எங்கள் கே.கே. நகரில் இருந்து, பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்க, ஒரே பைக்கில் மூன்று பேராகக் கிளம்பி விடுகின்றனர் பையன்கள். பலருக்கு, மீசை கூட முளைத்திருக்காது. 'பண்டிகையும் அதுவுமா பிள்ளை முகம் வாடக் கூடாது' என்று, சாவியை எடுத்துக் கொடுப்பது யார்? பெரும்பாலும், அம்மாக்களான நாம் தான்!

கடந்த 2022ல், தமிழகத்தில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள், 17,884 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில், 44 சதவீதத்துக்கு மேல், இரு சக்கர வாகனத்தில் போனவர்களே.

லைசென்ஸ் இல்லாத, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிச் சிக்கினால், 2019ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பெற்றோருக்கு, 25 ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பிள்ளைக்கு, 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அபராதத்தை நகையை அடகு வைத்தாவது கட்டி விடலாம். போன உயிரை எந்தக் கடையில் மீட்பது?

தலை நிறைய பூ வைத்திருக்கிறோம் என்று, பின் சீட்டில் ஹெல்மெட் போடாமல் நாம் உட்கார்ந்தால், பிள்ளை எப்படிப் போடுவான்?

விடுமுறை நாளில், சாவி பீரோவுக்குள் இருக்கட்டும். பிள்ளை பஸ்சில் போகட்டும். ஒரு நாள் முகம் வாடினால் ஒன்றும் குறைந்து விடாது. என்ன தோழியரே, நான் சொல்வது சரி தானே?

— ஒரு வாசகி, கே.கே. நகர், மதுரை.