அவசரச் சரக்கும் காத்திருக்கும் கூலியும்

ஒரு மோட்டார் தொழிற்சாலையில் ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். காரின் கதவுக்கு வேண்டிய ஒரு சிறு உறுப்பு வந்து சேரவில்லை. அது வராத வரையில் வேலை வரிசை நகராது. நின்றால் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம். உடனே டெலிபோன் மணி அடிக்கிறது. அறுநூறு மைலுக்கு அப்பால் உள்ள பட்டறையிலிருந்து நாலே நாலு பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வேறு சரக்கு ஏற்றாமல், வழியில் எங்கும் இறக்காமல், இரவோடிரவாக ஒரு வண்டி ஓடிவர வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய அவசரச் சரக்கை ஏற்றிப் பிழைப்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அத்தொழிலில் இறங்கியோர் ஒரு வருஷம் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள். மறு வருஷம் வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வழியின்றி விழிக்கிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வு அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை.

இத்தொழில் தானாக முளைத்ததன்று. உறுப்புகளைக் கிடங்கில் மாதக்கணக்காகக் குவித்து வைப்பது பண விரயம், வேண்டிய சமயத்தில் வேண்டிய அளவே வந்து சேர வேண்டும் என்ற முறையை ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் வகுத்தனர். 1980-களில் அமெரிக்க முதலாளிகளும் அதைப் பின்பற்றலாயினர். 1984-ல் கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய தொழிற்சாலை அம்முறைக்கு ஒரு பள்ளிக்கூடமாகவே விளங்கிற்று. கிடங்கு சுருங்கிற்று, சரக்கு சாலைக்கு வந்தது. இதற்குச் சற்று முன்னரே சட்டமும் வழிவிட்டது. 1935-ம் வருஷச் சட்டப்படி எந்த லாரிக் கம்பெனி எந்த மார்க்கத்தில் ஓடலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதெல்லாம் சர்க்கார் கமிஷனின் மேற்பார்வையில் இருந்தன. 1980 ஜூலை 1-ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அக்கட்டுகளைப் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டது. கமிஷனே 1995 இறுதியில் கலைக்கப்பட்டது. வண்டி வாங்க முடிந்தவன் எவனும் இறங்கலாம், வந்த விலைக்கு ஓட்டலாம் என்றாயிற்று.

ஒஹையோ மாகாணம் இத்தொழிலுக்குத் தாயகம் போன்றது. ஆக்ரன் நகரின் ராபர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் 1998-ல் பெடெக்ஸ் வசமாயிற்று. மெடினா ஜில்லாவிலிருந்த பாந்தர் என்னும் கம்பெனியை 2012-ல் ஆர்க்கன்ஸா பெஸ்ட் நிறுவனத்தார் 18 கோடி டாலருக்கு வாங்கினர். இவ்வளவு பெருந்தொகைக்குக் கைமாறும் கம்பெனிக்குச் சொந்த வண்டிகள் எத்தனை என்று கேட்டால் நேயர்கள் வியப்படைவார்கள். இத்தொழிலில் கம்பெனியிடம் இருப்பவை பெயர், வாடிக்கை, டெலிபோன், கணக்குப் புஸ்தகம். சாலையில் ஓடும் வண்டி பெரும்பாலும் ஓட்டுகிறவனுடையது. அல்லது அவனுக்கு வண்டியை விட்டிருக்கும் வேறொரு சிறு முதலாளியுடையது. பின்னதாயின் வருமானத்தை அறுபதுக்கு நாற்பதாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். எண்ணெய்ச் செலவு யார் தலையில் என்பதைப் பொறுத்து, அறுபது யாருக்கு என்பது மாறும்.

இத்தொழிலின் நல்ல அம்சங்களையும் மறைக்கலாகாது. சாதாரண லாரிக்காரனைவிட மைலுக்குக் கூடுதல் கூலி உண்டு. மூட்டை சுமக்கும் வேலை குறைவு. பிடிக்காத லோடை வேண்டாமென்று சொல்லலாம். புருஷனும் மனைவியுமாகப் படுக்கையுள்ள வண்டியில் ஏறி, ஒருவர் உறங்க ஒருவர் ஓட்டி, தேசம் முழுவதும் சுற்றிச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். குளிர்சாதன வண்டியில் மருந்து கொண்டு செல்வோருக்கும், விலையுயர்ந்த யந்திரங்களைப் பக்குவமாக ஏற்றி இறக்கத் தெரிந்தோருக்கும் மதிப்பு அதிகம். மேலதிகாரியின் முகத்தில் விழிக்காமல் பிழைப்பது எவருக்கும் ஆசைதான்.

ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறிய வேன்காரன் 600 மைல் நடைக்கு மைலுக்கு 1 டாலர் 20 சென்ட் வீதம் ஒப்புக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வரவு 720 டாலர். சரக்கு இருக்குமிடத்திற்குப் போக 150 மைல் காலியாக ஓட்டினான், அதற்குக் கூலியில்லை. இறக்கிய ஊரில் அடுத்த லோடு கிடைக்காமல், கிடைக்கக்கூடிய ஊருக்கு 250 மைல் காலியாகவே வந்தான், அதற்கும் இல்லை. ஆக ஓடியது ஆயிரம் மைல். சொந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டுவதில் எண்ணெய், தேய்மானம், பழுது, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மைலுக்கு 70 சென்ட் என்று அமெரிக்க வருமான வரி இலாகாவே 2025-ம் வருஷத்துக்கு நிர்ணயித்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி செலவு 700 டாலர். மிச்சம் 20 டாலர்! இந்த நடைக்கு முன் அவன் இரண்டு நாள் லாரி நிறுத்தத்தில் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதை நாம் இன்னும் சேர்க்கவில்லை. சிக்கனமாகப் பழைய வண்டியைக் கட்டி ஓட்டுகிறவனுக்குச் செலவு இவ்வளவு ஆகாது என்பது உண்மையே. எனினும், அந்த வண்டி ஒரு நாள் படுத்துவிட்டால், இது நாள் வரை மிச்சமென்று எண்ணிச் சாப்பிட்டது வண்டியையே என்பது அப்போது தெரியவரும். இதே நடைக்கு மைலுக்கு 2 டாலர் கிடைக்கும் காலத்தில் 500 டாலர் நிற்கும். ஓடிய தூரம் ஒன்று, உழைப்பு ஒன்று. ஜீவனம் மட்டும் இருபதிலும் இருக்கிறது, ஐந்நூறிலும் இருக்கிறது. நிற்பதிலும் ஒரு பங்கு வரிக்குப் போகும். வேறொருவரிடம் வேலை செய்கிறவனுக்கு முதியோர் பென்ஷன், வைத்திய வரியில் பாதியை முதலாளி கட்டுகிறார். இவன் தானே முதலாளி என்பதால் 15.3 சதவிகிதம் முழுவதும் இவனுடையது. வைத்திய இன்ஷூரன்ஸும் அவன் பாடு.

காலத்தின் போக்கும் இவர்களை ஆட்டிவைக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் மோட்டார் தொழிற்சாலைகள் வழக்கமாக மூடும்போது லோடு அற்றுப்போகும். 2019-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் 40 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 செப்டம்பரில் மூன்று பெரிய மோட்டார் கம்பெனிகளிலும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அத்தொழிலாளர்களுக்குச் சங்கமும் வேலைநிறுத்த நிதியும் இருந்தன. அவர்களுக்கு உறுப்புகளை ஓடி ஓடிச் சுமந்தவனுக்கு ஒன்றும் இல்லை. 2021-ல் நிலைமை தலைகீழ். மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் தொழிற்சாலைகள் நின்றும் ஓடியும் தவித்தன, துறைமுகங்களில் கப்பல்கள் வரிசையாகக் காத்துக்கிடந்தன, கட்டணம் ஏறிற்று. ஊரார் தொல்லையே இவர்களுக்கு லோடு. அதைக் கண்டு வேலையை விட்டுவிட்டுக் கடனுக்கு வேன் வாங்கியவர்கள் ஏராளம். 2022 தொடக்கத்திற்குப் பிறகு கட்டணம் சரிந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் டீசல் காலனுக்கு 5 டாலருக்கு மேல் போயிற்று. 2023-ல் நூற்றாண்டை நெருங்கிய எல்லோ கம்பெனி மூடப்பட்டுச் சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். அத்தனை பெரிய மரமே சாயும் காற்றில், கடனுக்கு வாங்கிய ஒற்றை வேன் எம்மாத்திரம்?

பணத்தைவிடக் கவலை தருவது உறக்கம். பெரிய லாரி ஓட்டுவோன் 10 மணி ஓய்வுக்குப் பின் 14 மணி நேரத்திற்குள் 11 மணிதான் ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து அதை வண்டியிலுள்ள மின்னணுக் கருவியே குறித்து வைக்கிறது. ஆனால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 10,001 பவுண்டுக்குக் குறைந்த வேன்களுக்கு, அபாயச் சரக்கு நீங்கலாக, மத்திய சர்க்காரின் இந்த விதி செல்லாது. பகல் முழுவதும் விழித்துக் காத்திருந்தவனுக்கு இரவு இரண்டு மணிக்கு லோடு வருகிறது. வேண்டாமென்றால் அடுத்த அழைப்பு எப்போதோ? கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறான். பிடிக்காத லோடை மறுக்கும் சுதந்திரம் என்று மேலே சொன்னோமே, அதன் மறுபுறம் இது. போக்குவரத்து இலாகாவின் தணிக்கை அதிகாரி 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் காக்க வைக்கப்படுவதால் முழு லோடு ஓட்டும் கூலி லாரிக்காரர்கள் வருஷத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இழக்கிறார்கள் என்பது அவர் மதிப்பு. சராசரி நிற்கும் நேரம் 15 நிமிஷம் கூடினால் விபத்து 6.2 சதவிகிதம் பெருகும் என்றும் அவ்வறிக்கை கண்டது. காத்திருத்தல் அவனுடைய சொந்த விஷயம் என்று வாதிப்போர், அதே சாலையில் தங்கள் குடும்பமும் போகிறது என்பதை நினைக்க வேண்டும்.

இவன் தொழிலாளியா, முதலாளியா? வாஷிங்டனில் இக்கேள்விக்கு ஆட்சிக்கு ஒரு பதில் கிடைக்கிறது. தொழில் இலாகா 2021-ல் ஒரு விதி செய்தது. 2024-ல் அதை மாற்றி வேறொன்று செய்தது. 2025 மே மாதத்தில், தன் விதியைத் தானே அமல் நடத்தப் போவதில்லை என்று அறிவித்தது. 1938-ம் வருஷத்து நியாயக் கூலிச் சட்டம் மாகாணம் விட்டு மாகாணம் போகும் பெரிய லாரிகளை ஓட்டும் சம்பளக்காரர்களுக்கே அதிக நேரக் கூலி கொடுக்கவில்லை. அதை மாற்ற 2022-லும் 2023-லும் வந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. சுப்ரீம் கோர்ட்டு மட்டும் 2019 ஜனவரியில் ஒரு வழக்கில், பிரயாணச் சரக்குத் தொழிலில் ஒப்பந்தக்காரன் என்ற பெயரிட்டுவிட்டாலும் அவனைக் கட்டாய மத்தியஸ்தத்துக்கு அனுப்ப 1925-ம் வருஷச் சட்டத்தைத் துணைக்கு அழைக்க முடியாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பெயரைப் பாராமல் வேலையைப் பார்த்த தீர்ப்பு அது.

எல்லோரையும் சம்பளக்காரர்களாக்கிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பலர் அதை விரும்பவில்லை. வண்டி என்னுடையது என்ற பெருமிதத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமையுமில்லை. ஆயினும், முதலாளி என்ற பட்டத்தைச் சூட்டுவோர் முதலாளிக்குரிய கணக்கையும் அவன் கையில் கொடுக்க வேண்டுமல்லவா? சரக்கு அனுப்புவோர் எவ்வளவு கொடுத்தார், நடுவே நின்றோர் எவ்வளவு எடுத்தார் என்பது தெரியாதவன் எந்த விலைக்கு எப்படி ஒப்புவான்? சட்டம் இதில் அவன் பக்கம்தான். கம்பெனிக்கு வண்டியை விட்டவன் சரக்குச் சீட்டைக் கொடுத்த 15 நாளைக்குள் பணம் பெற வேண்டும். பங்கு வீதக் கூலியானால் அசல் பில்லைப் பார்க்கலாம். தரகர் மூலம் லோடு எடுத்த லாரிக் கம்பெனியோ, சொந்த அனுமதியில் ஓடும் தனி லாரிக்காரனோ அந்தத் தரகரின் கணக்கைப் பார்க்கவும் விதி உண்டு. ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தேன் என்ற ஷரத்தைத் தரகர்கள் ஒப்பந்தத்திலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். கையெழுத்திட்டால் லோடு, இல்லையேல் வேறு ஆள்.

2024 நவம்பரில் மத்திய மோட்டார் பாதுகாப்பு இலாகா ஒரு பிரேரணை வெளியிட்டது. கேட்ட 48 மணிக்குள் தரகர் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். தரகர் சங்கத்தார் வியாபார இரகசியம் என்று எதிர்க்கின்றனர். விட்டுக்கொடுக்கும் ஷரத்தும் செல்லாது என்று பட்டவர்த்தனமாக எழுதினாலொழிய இவ்விதியால் பயனில்லை என்பது லாரிக்காரர்களின் வாதம். அதுவே சரியென்பது நம் அபிப்பிராயம். கணக்கு வெளிவந்தால், நாலு பெட்டிக்காகத் தொழிற்சாலை கொடுத்த தொகையில் இரண்டு நாள் காத்திருப்புக்கும் காலியாக ஓடிய நானூறு மைலுக்கும் எவ்வளவு இடமிருந்தது என்று அந்த வேன்காரனே கேட்டுக்கொள்வான்.